எடுக்காத சங்கிலிக்கு ஒரு சாட்சி

வேலை வாங்குவது எப்படி என்று பிறருக்குச் சொல்லித்தரும் வேலை எனக்குக் கிடைத்தபோது, நான் வேலையில்லாமல் இருந்து நெடுநாள் ஆகியிருந்தது. அதுதான் என் தகுதி என்று அறக்கட்டளையின் செயலாளர் சொன்னார்.

"அனுபவஸ்தர்தான் நமக்கு வேணும் பிரதர். வேலை இல்லாம இருக்கிற கஷ்டம் உங்களுக்குத் தெரியும்லா?"

தெரியும் என்றேன். அன்றைய நேர்முகத் தேர்வில் நான் சொன்ன பதில்களில் உண்மையானது அது ஒன்றுதான்.

அதற்கு முன் நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதிக்கொண்டிருந்தேன். நான் எழுதிய பத்திரிகைகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று ஓர் ஆசிரியர் தொலைபேசியில் பெருந்தன்மையோடு சொன்னார். ஐம்பதை நெருங்கும் வயதில் என் கையிருப்பு என்று பார்த்தால், ஏராளமாகப் படித்த ஒரு தலை, அதன்மேல் சொற்பமாக முடி, செய்வதற்கு ஒன்றுமில்லாத ஒரு முழுப் பகல். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி "சார் இருக்காகளா?" என்று யாராவது கேட்டால், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும் என் மனைவி, "அவிய எங்க போகப் போறாவ, இருக்காவ" என்பாள். குரலில் குறை இருக்காது. வானிலை அறிக்கை வாசிப்பதுபோல இருக்கும். குறை சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

அறக்கட்டளை ராஜபாளையத்தில் இருந்தது. யாரும் வேலை கொடுக்கத் தயங்கும் ஆட்களுக்கு அவர்கள் இடைக்கால வேலை வாங்கிக் கொடுத்தார்கள். சிறைக்குப் போய் வந்தவர்கள், குடியை விட்டவர்கள், மில்லில் விரலைக் கொடுத்துவிட்டு மீதி விரல்களோடு வந்தவர்கள். ஆறு மாதம் ஏதாவது ஒரு கம்பெனியில் வேலை. சம்பளத்தில் பாதியை அறக்கட்டளை தரும், பாதியை முதலாளி தருவார். ஆறு மாதம் முடிந்ததும், பிடித்திருந்தால் முதலாளி நிரந்தரமாக்கிக்கொள்ளலாம். முதலாளிகளுக்கு அந்த ஆறு மாதமும் ஆட்களை மிகவும் பிடித்திருந்தது. முழுச் சம்பளம் தங்கள் தலையில் விழும் நாள் நெருங்க நெருங்க அந்தப் பிரியம் குறையும். அதற்குள் அடுத்த அணி தயாராகிவிடும்.

என்னையும் அறக்கட்டளை ஆறு மாத ஒப்பந்தத்தில்தான் வைத்து, முடிய முடிய நீட்டிக்கொண்டிருந்தது. கைகுலுக்குவது எப்படி, நாற்காலியில் உட்காருவது எப்படி, "உங்கள் பலவீனம் என்ன?" என்று கேட்டால் பலத்தையே பலவீனமாக மாற்றிச் சொல்வது எப்படி என்றெல்லாம் சொல்லித்தந்தேன். நகம் வெட்டிக்கொண்டு வரச் சொன்னேன். விரல் போனவர் ஒருவர், "எனக்குச் சீக்கிரம் முடிஞ்சிரும் சார்" என்றார். வகுப்பு சிரித்தது. நகைச்சுவை எழுதிச் சம்பாதித்த நான் அந்த அறையில் ஒருநாளும் அப்படி ஒரு சிரிப்பை வாங்கியதில்லை.

என் பாடமெல்லாம் அலங்காரம் என்பது எனக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. உண்மையான தேர்வு நிறைவு விழாவில் நடந்தது.

செயலாளர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பக்திமான். அவருடைய சபையில் சாட்சி சொல்லும் வழக்கம் உண்டு. கூட்டத்தின் நடுவே எழுந்து நின்று, நான் இன்ன பள்ளத்தில் கிடந்தேன், இன்னவாறு தூக்கிவிடப்பட்டேன் என்று சொல்வார்கள். அதை அவர் அப்படியே அறக்கட்டளைக்குக் கொண்டுவந்திருந்தார். எங்கள் ஆட்களில் பாதிக்குமேல் இந்துக்கள். அதனால் ஒரு சிக்கலும் வரவில்லை. விழுந்ததையும் எழுந்ததையும் சொல்ல மதம் எதற்கு, மைக் போதும். விழாவில் முதலாளிகள் மேடையில் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவராக வந்து சாட்சி சொல்வார்கள். சாட்சி நன்றாக இருந்தால், நெஞ்சு இளகிய சூட்டில் ஏதாவது ஒரு முதலாளி மைக்கை வாங்கி, "இவருக்கு எங்க கம்பெனில நிரந்தர வேலை" என்று அறிவித்துவிடுவார். மற்ற முதலாளிகள், பாங்க் மேனேஜர், சொந்தபந்தங்கள் முன்னால் அறிவித்தபிறகு பின்வாங்க முடியாது. ஆறு மாதம் முதுகொடிய உழைத்தும் வராத வேலை, ஐந்து நிமிட அழுகையில் வந்துவிடும்.

இந்த இடத்துக்குத்தான் அவள் வந்து சேர்ந்தாள்.

முப்பது வயதைத் தாண்டியவள். பிறந்தது மகாராஜபுரம், வாழ்க்கைப்பட்டது சேத்தூர். கணவன் லாரியில் அடிபட்டு இறந்தபிறகு, ராஜபாளையத்தில் ஒரு பெரிய வீட்டில் சமையல் வேலைக்குப் போனாள். அந்த வீட்டில் ஒருநாள் தங்கச் சங்கிலியைக் காணவில்லை. வீட்டில் இருந்தவர்களில் அவள் ஒருத்திதான் ஏழை என்பதால் போலீசாருக்கு அலைச்சல் மிச்சமாயிற்று. சிறையில் இருந்தாள். பிறகு ஜாமீன். பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு நடையாக நடந்தாள். சங்கிலி கடைசிவரை கிடைக்கவில்லை. சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை செய்தார்கள். பலனை அவள் கையில் கொடுத்துவிட்டு, சந்தேகத்தை ஊர் பத்திரமாக வைத்துக்கொண்டது. அதன்பிறகு எந்த வீட்டிலும் எந்தக் கடையிலும் அவளை வேலைக்கு எடுக்கவில்லை.

சேர்க்கும்போதே தகராறு. செயலாளர் அன்பாகத்தான் கேட்டார்.

"என்ன தப்புப் பண்ணுனீங்க சிஸ்டர்?"

"ஒரு தப்பும் பண்ணலை சார்."

"ஜெயில்ல இருந்தேன்னு சொன்னீங்களே?"

"இருந்தேன் சார்."

"அப்போ தப்பு?"

"பண்ணலை சார்."

செயலாளர் என்னைப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் பாவிகளை வரவேற்றுப் பழகிய மனிதர். நிரபராதி ஒருத்தி எதிரே உட்கார்ந்ததும் எங்கே கைவைப்பது என்று தெரியாமல் தடுமாறினார். கடைசியில் இரக்கப்பட்டுச் சேர்த்துக்கொண்டார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில் இருந்த ஒரு பேண்டேஜ் கம்பெனியில் அவளுக்கு இடம் கிடைத்தது. காயத்துக்குக் கட்டும் துணியைச் சுருட்டி உறையில் போட்டு ஒட்டும் வேலை. இதில் உவமை ஏதாவது கிடைக்குமா என்று நீங்கள் தேட வேண்டாம். நான் தேடிப் பார்த்துவிட்டேன், மலிவாகத்தான் கிடைக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார்வளாகம் பக்கம் அவள் ஒற்றை அறையில் குடியிருந்தாள். காலையில் இருவருக்கும் ஒரே பஸ். அவளுக்கு எதற்கு இந்த வேலை என்பதை அந்தப் பஸ்ஸில்தான் சொன்னாள். ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள் ஒருத்தி உண்டு. இவள் சிறைக்குப் போனதிலிருந்து பிள்ளை சேத்தூரில், கணவனின் அண்ணன் வீட்டில் வளர்கிறது.

"பிள்ளைக்குப் பெரியப்பா தங்கமான ஆளு சார். 'கோர்ட்டே சொல்லிட்டு, நீ யாருலே சொல்ல'ன்னு டீக்கடையில ஒருத்தன் சட்டையப் பிடிச்சிட்டாவ எனக்காக. கண்டிசன் ஒண்ணுதான் போட்டாவ. 'நிரந்தர வேலைன்னு தாளக் கொண்டா, அன்னைக்கே பிள்ளையக் கூட்டிட்டுப் போ. வயசுக்கு வரப்போற பிள்ளைய, நாளைக்கு வேலை இருக்குமோ இருக்காதோங்கிறவகிட்ட எப்பிடி விட?'ன்னாவ. நியாயந்தான சார்?"

நியாயந்தான் என்றேன். நியாயம் எப்போதும் மற்றவர்கள் வீட்டில்தான் இருக்கிறது.

ஐந்தாம் மாதம் சாட்சி ஒத்திகை தொடங்கியது. அவளுடைய அணியில் தேவதானத்துக்காரர் ஒருவர் இருந்தார். எலக்ட்ரீசியன். குடித்துக் குடித்துத் தொழிலை விட்டு, பிறகு குடியையும் விட்டவர். அவருக்குச் சொல்வதற்குப் பஞ்சமேயில்லை. மனைவியின் பித்தளைப் பானையை விற்றது, சொந்தத் தம்பி கல்யாணத்தில் பந்தலோடு சாய்ந்தது என்று ஒரு பொற்களஞ்சியம். அவர் பேசி முடித்ததும் செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்து அவள். "என்மேல திருட்டுக் கேசு போட்டாக. நான் எடுக்கலை. கோர்ட்டுல விட்டுட்டாக. இப்ப பேண்டேஜ் கம்பெனில ஒழுங்கா வேலை பாக்கேன். எனக்கு நிரந்தரமா வேலை குடுங்க." சொல்லிவிட்டுக் கும்பிட்டாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"எழுச்சி வரலியே சிஸ்டர்" என்றார் செயலாளர், வருத்தமாக. "விழுந்தாத்தான எந்திரிக்க முடியும்?"

"நான் விழலை சார். தள்ளிவிட்டாக."

எலக்ட்ரீசியனுக்குப் பொறுக்கவில்லை. "ஏட்டி, கிறுக்கச்சி! நீ இப்பிடிச் சொன்னா முதலாளி என்ன நெனைப்பாரு? ஒத்துக்கிட்டவன் திருந்துனவன். ஒத்துக்காதவ இன்னும் திருடி. நான் பானைய விக்கவே இல்லன்னு சொல்லிப் பாரு, ஒரு பய என்னைய நம்பமாட்டான். வித்தேன்னு சொன்னேன், சார் கண்ணுல தண்ணி வருது பாரு."

செயலாளர் மறுக்கவில்லை. மறுப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. மூன்று தடவை நிறைவு விழாவைப் பார்த்திருந்த எனக்கும் அது கண்கூடு. சின்னச் சின்னத் தப்புச் செய்தவர்கள் ஆறு மாதத்தில் வெளியே போனார்கள். பெரிய தப்புகளை அழகாகச் சொன்னவர்கள் உள்ளே போனார்கள். தப்பே செய்யாதவருக்கு எங்கே இடம் என்பதுபற்றித் திட்டத்தில் ஒரு வரியும் இல்லை.

அதற்கடுத்த வாரம் பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க கதை எழுதுவீயளாமே சார்?"

"கதை இல்லம்மா, கட்டுரை."

"ரெண்டுக்கும் என்ன சார் வித்தியாசம்?"

"கதைன்னா ஜனங்க நம்புவாங்க."

"அப்ப நான் சொல்லுதேன், நல்லாருக்கான்னு கேளுங்க" என்று ஆரம்பித்தாள். அனுமதி கேட்கவில்லை, யோசனை கேட்கவில்லை. எல்லாவற்றையும் முடிவு செய்தபிறகு ஒத்திகைதான் பார்த்தாள். அந்த வீட்டம்மா குளிக்கப் போனபோது பூஜையறையில் சாமி படத்துக்குப் பின்னால் முறுக்குச் சங்கிலி மின்னியது. கை நடுங்கியது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அணைக்கப் போகாமல் நின்றாள். தன் மகள் வெறுங்கழுத்தோடு பள்ளிக்கூடம் போவது கண்முன் வந்தது. அந்தப் பிள்ளைக்காக எடுத்தாள்.

பொங்கி வழிந்த பால் என்னைக் கொன்றுவிட்டது. இத்தனை வருடம் எழுதியும் எனக்கு அப்படி ஒரு பால் பொங்கியதில்லை. எனக்கு இரக்கம் வரவில்லை, பொறாமைதான் வந்தது.

அப்போது ஒன்று நடந்தது. எங்களுக்கு முன் இருக்கையில் சன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் மெல்லத் திரும்பி இவளைப் பார்த்தாள். பிறகு காலடியில் இருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்து இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டாள்.

இவளும் அதைப் பார்த்தாள். சிரித்தாள்.

"பாத்தீயளா சார்? நல்லா வருது."

நிறைவு விழா ராஜபாளையத்தில் ஒரு சங்கத்தின் கூட்ட அரங்கில் நடந்தது. மேடையில் முதலாளிகள், கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள், பின்னால் மேஜையில் ரோஸ்மில்க். பேண்டேஜ் கம்பெனி முதலாளி நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பம். நல்ல மனிதர், சீக்கிரம் அழுவார். அந்தக் காரணத்துக்காகவே அவரை எப்போதும் மைக்குக்கு அருகில் உட்கார வைப்போம்.

கணவனின் அண்ணனிடம் அவள் மாலை ஐந்து மணிக்கு வரச் சொல்லியிருந்தாள். பேச்செல்லாம் முடிந்து, தாள் கைக்கு வந்தபிறகு அவர்கள் வந்தால் போதும் என்பது அவள் கணக்கு. தாளைக் காட்டுவது, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுவது. சாட்சி என்பது வேலைக்காகச் சொல்வது, அந்த அரங்கத்துக்குள்ளேயே முடிந்துவிடும் என்று நினைத்திருந்தாள். ஆனால் குடும்பத்தார் முன்னிலையில் சாட்சி சொல்வதுதான் உருக்கம் என்பது செயலாளரின் கொள்கை. அவரே சேத்தூருக்குப் போன் போட்டு, "முன்னாடியே வந்துருங்க பிரதர், நீங்க இதைப் பாக்கணும்" என்று சொல்லியிருக்கிறார். எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது.

எலக்ட்ரீசியன் முதலில் பேசினார். பானை, பந்தல் எல்லாம் வந்தன. ஒரு நூல் மில் முதலாளி எழுந்து அவருக்கு வேலையை அறிவித்தார். மேடையிலிருந்து இறங்கும்போது என் காதில், "கடைசில அழுகை செத்தக் கூடிப்போச்சோ சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவள் மைக்கைப் பிடித்தாள். "எல்லாருக்கும் வணக்கம். ராசபாளையத்துல ஒரு வீட்டுல நான் சமையல் வேலை பாத்தேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது பக்கவாட்டுக் கதவு திறந்தது. செயலாளரே அழைத்து வந்து முதல் வரிசையில் இருவரை உட்கார வைத்தார். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் ஒருவர். பக்கத்தில், பள்ளிக்கூடச் சீருடையில் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண்பிள்ளை.

அவள் நிறுத்தினாள்.

மைக் இரைந்தது. அவள் மகளைப் பார்த்தாள், கணவனின் அண்ணனைப் பார்த்தாள், பிறகு திரும்பி முதலாளியைப் பார்த்தாள். முதலாளி கைக்குட்டையை எடுத்து மடியில் விரித்துத் தயாராக வைத்திருந்தார். என் பின்னாலிருந்து எலக்ட்ரீசியன், "சொல்லுட்டி, நிறுத்தாத" என்று முணுமுணுத்தார். அவள் மண்டைக்குள் ஓடிய கணக்கு எனக்கு எழுதி வைத்ததுபோலத் தெரிந்தது. பேசினால் பிள்ளை கேட்டுவிடும், ஆனால் அதை வீட்டில் வைத்துச் சொல்லிப் புரியவைத்துவிடலாம். பேசாவிட்டால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் பிள்ளையும் இல்லை. வேலையைப் பிறகு சொல்லிப் புரியவைத்து வாங்க முடியாது.

அவள் பேசினாள். படம், சங்கிலி, நடுங்கிய கை. பால் பொங்கியது. "எம் மக வெறுங்கழுத்தோட பள்ளிக்கூடம் போவா. அவளுக்காவத்தான் எடுத்தேன்" என்று சொல்லும்போது அவள் யாரையும் பார்க்கவில்லை, கூரையில் சுற்றிய மின்விசிறியைப் பார்த்தாள். அரங்கத்தில் ஒரு பெண் விசும்பினாள். முன்வரிசையின் முதுகுகளுக்கு நடுவே அந்த இரட்டைச் சடை கொஞ்சங்கூட அசையவில்லை.

முதலாளி அழுதார். எழுந்து மைக்கை வாங்கினார். "இந்தப் பொண்ணுக்கு எங்க கம்பெனில வேலை நிரந்தரம்!" அரங்கமே எழுந்து கைதட்டியது. எல்லாரும் எழுந்ததால் வெள்ளைச் சட்டைக்காரரும் எழுந்தார். கைதட்டவில்லை.

ரோஸ்மில்க் மேஜைக்குப் பக்கத்தில்தான் அவர்கள் சந்தித்தார்கள். அவள் தாளை இரண்டு கையாலும் நீட்டினாள். "கெடைச்சிட்டு அத்தான்."

அவர் தாளை வாங்கவில்லை. "கோர்ட்டுல சொன்னது பொய்யா, இப்ப மைக்குல சொன்னது பொய்யா?"

"மைக்குல சொன்னதுதான் அத்தான் பொய்யி. இப்பிடிச் சொன்னாத்தான் இங்க வேலை குடுப்பாக. கேட்டுப் பாருங்க."

"வேலைக்காவப் பொய் சொல்லுதவ, ஜெயிலுக்குப் பயந்து சொல்லமாட்டியோ?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "சார், நீங்க சொல்லுங்க சார்."

நான் முன்னால் போனேன். இது இங்கே வழக்கம், மேடைக்காகச் சொல்வது, அந்த அம்மா எதையும் எடுக்கவில்லை என்று இலக்கண சுத்தமாக விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க யாரு?"

"நான் இங்க பயிற்சியாளர்."

"இதுக்கா பயிற்சி?"

இதுவரை என் எழுத்துக்கு வந்த விமர்சனங்களில் சுருக்கமானது அதுதான். அப்போது முதலாளி வந்து என் தோளில் கைபோட்டார். கண் இன்னும் சிவந்திருந்தது. "ஏமய்யா! எத்தனையோ பேரு பேசிக் கேட்டிருக்கேன். இந்தப் பொண்ணு மாதிரி உண்மை பேசுன ஆளைப் பாத்ததே இல்ல!" என்று வெள்ளைச் சட்டைக்காரரைப் பார்த்து உரக்கச் சொன்னார். "நீங்க சொந்தமா? குடுத்து வச்சவங்க."

வெள்ளைச் சட்டைக்காரர் அவரைக் கும்பிட்டார். முதலாளி போனதும் அவளிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "உனக்காவ ஒருத்தன் சட்டையப் பிடிச்சேன்ட்டி. இனிமே அந்தக் கடைப் பக்கம் நான் எப்பிடிப் போவேன்?"

பிள்ளை அம்மாவின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. "எனக்காவயா எடுத்த?"

"எடுக்கவே இல்லட்டி. எம் மேல சத்தியமா எடுக்கலை."

பிள்ளை பெரியப்பாவின் கையைப் பிடித்தது. "வாங்க பெரியப்பா, பஸ்ஸு போயிரும்."

அவர்கள் போனபிறகும் அவள் தாளை நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றாள். போட்டோக்காரர் வந்து அந்தத் தோரணை நன்றாக இருப்பதாகச் சொல்லி ஒரு படம் எடுத்துக்கொண்டார். இப்போது அலுவலகச் சுவரில் இருப்பது அந்தப் படம்தான்.

அவளுக்கு வேலை நிரந்தரமாயிற்று. ஆனால் மறுவாரமே முதலாளி அவளை உறையில் போடும் பிரிவிலிருந்து மாற்றிக் கழிவுப் பஞ்சு பொறுக்கும் கொட்டகைக்கு அனுப்பிவிட்டார். சரக்கு வெளியே போகும் இடத்தில், என்ன இருந்தாலும், அவளே ஒத்துக்கொண்ட பிறகு வைத்திருக்க முடியுமா என்று என்னிடம் கேட்டார். சாயங்காலம் வாசலில் அவளுடைய சாப்பாட்டுப் பையை மட்டும் வாட்ச்மேன் திறந்து பார்ப்பான். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "வேலை நிரந்தரந்தான சார்" என்பாள். என் ஒப்பந்தமும் இன்னொரு ஆறு மாதம் நீண்டது. வெற்றிக்கு ஒரு பயிற்சியாளர் வேண்டியிருந்தார்.

ஒவ்வொரு புதிய அணிக்கும் முன்மாதிரி சாட்சி சொல்ல அவளை அழைத்தோம். மறுக்க முடியாது. அறக்கட்டளை கேட்டால் முதலாளி அரைநாள் அனுப்பிவிடுவார். சொல்லச் சொல்லச் சாட்சி மெருகேறியது. ஒரு தடவை மழை பெய்தது. இன்னொரு தடவை வீட்டு நாய் வந்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரைக்காமல் போயிற்று. அந்த நாயால் நான் இரண்டு நாள் தூங்கவில்லை. சங்கிலியிலும் பச்சைக்கல் டாலர் ஒன்று வந்து தொங்கியது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கிக்கொண்டு சேத்தூருக்குப் போவாள். பிள்ளையின் பெரியப்பா வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்துவிட்டு, பொட்டலத்தைப் பிரிக்காமல் திருப்பிக்கொண்டு வருவாள். திங்கட்கிழமை பஸ்ஸில் எனக்குக் கொஞ்சம் கொடுப்பாள். "சாப்பிடுங்க சார், வீணாப் போவும்." எனக்குச் சர்க்கரை வியாதி உண்டு. ஆனாலும் சாப்பிட்டேன்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை அவள் பொட்டலம் இல்லாமல் வந்தாள். முகத்தில் வெளிச்சம் இருந்தது.

"பெரியப்பா பேசினாவ சார்! உள்ள கூப்பிட்டு உக்காரச் சொன்னாவ. பால்கோவாவைப் பிள்ளை வாங்கிக்கிட்டா."

"என்ன சொன்னார்?"

"'தப்பு நடந்துபோச்சு, ஒத்துக்கிட்ட, அது போவட்டும். எடுத்த சங்கிலிய அந்த வீட்டுலயே கொண்டு திருப்பிக் குடு. குடுத்திட்டு வா, பிள்ளைய அனுப்புதேன். ஊருக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன்'னாவ."

"உன்கிட்டதான் சங்கிலி இல்லையேம்மா."

"வாங்கணும் சார். நகைக்கடையில கேட்டுட்டேன். நிரந்தர வேலைங்கிறதால தவணைக்குத் தாரேன்னுட்டாக." பெருமையாகச் சொன்னாள். "அந்த வீட்டுல வாங்கிக்கிடுவாக சார். திருடுனவளே கொண்டாந்து குடுத்தா வேண்டாம்னா சொல்லப் போறாக?"

பஸ் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது. முன்னால் ஒரு குழந்தை அழுதது.

"ஒரே ஒரு சந்தேகம் சார்" என்றாள். "முறுக்குச் சங்கிலின்னு கோர்ட்டுல வாசிச்சாக, அது ஞாபகம் இருக்கு. மத்தபடி அது எப்பிடி இருக்கும்னு நான் பாத்ததே இல்லையே. டாலர் வச்சு வாங்கவா, வைக்காமலா? பெரியப்பா வந்தன்னைக்கு நான் மேடையில எப்பிடிச் சொன்னேன்?"

எல்லாச் சாட்சிகளையும் முதல் வரியிலிருந்து கேட்ட ஆள் நான் ஒருவன்தான். யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கு மழை இல்லை, நாய் இல்லை.

"டாலர் இல்லம்மா. டாலர் போன அணிக்குச் சொன்னபோதுதான் வந்தது."

அவள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள்.

"நல்ல வேளை சார். அம்புட்டும் மிச்சம்."